காய்ந்த மாவுக் கறை

அக்கா எங்கள் வீட்டுத் தரையைப் பத்தொன்பது வருடம் துடைத்தார். மந்தைவெளியில் இந்த ஃபிளாட்டுக்கு நாங்கள் குடிவந்த மூன்றாம் நாளே வேலைக்குச் சேர்ந்தவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு ஆன பிறகும் டீச்சர்தான். சாந்தோம் கடற்கரைப் பக்கம் குடியிருப்பு வாரிய வீட்டில் மகளோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே மாதா கோயிலில்தான் பூசை பார்ப்போம். நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், அவர் பக்கவாட்டில் தூணை ஒட்டிப் பாயில் உட்கார்ந்திருப்பார். பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு சிரிப்பு சிரித்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாளியும் துணியுமாக எங்கள் ஹாலில் இருப்பார்.

எங்கள் கட்டடத்தில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். அதில் ஐந்து வீடுகள் அக்காவுடையவை. அப்படித்தான் சொல்லுவார், "என் அஞ்சு வூடு" என்று.

முழங்கால் போய்விட்டது என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். சோபாக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார், அதை வயது என்று நினைத்துக்கொண்டேன். தவக்காலத்தில் ஒருநாள் சமையலறையிலிருந்து சத்தமே வரவில்லையே என்று போய்ப் பார்த்தால், ஈரத் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நானும் என் கணவரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம். சேலையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆழ்வார்பேட்டையில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூட்டு இரண்டும் நன்றாகத் தேய்ந்துவிட்டது, இனிமேல் குந்தி உட்காரக் கூடாது, தரையில் உட்கார்ந்து துடைக்கவே கூடாது என்றார். வரும் வழியில் நீளக் கம்பு வைத்த மாப் ஒன்று வாங்கினேன். அக்கா அதை இரண்டு நாள் பிடித்துப் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். நின்றுகொண்டு துடைத்தால் அழுக்கு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்பது அவருடைய கேள்வி. மூன்றாம் நாள் மறுபடி துணியோடு குந்திவிட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் என் மகளிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். தானே கூட்டித் துடைக்கும் ரோபோ ஒன்றை வாங்கிவிடு அம்மா, கொஞ்சம் நல்லதாகவே பார்த்து வாங்கு, நானும் பங்கு போடுகிறேன் என்றாள். எனக்கு அது கடவுள் காட்டிய வழி போலத் தோன்றியது. மெஷின் தரையைப் பார்த்துக்கொள்ளும். அக்கா நின்றபடி பாத்திரம் தேய்த்தால் போதும், உட்கார்ந்தபடி காய் நறுக்கினால் போதும். சம்பளம் குறையாது. மறுநாளே அவரிடம் சொன்னேன்.

"அப்ப நான் இன்னா பண்றது டீச்சர்? உக்காந்துக்கினு சம்பளம் வாங்குறதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு ஒன்றரை மாதம் எனக்கு வேறு வேலை இல்லை. முப்பத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியவள், எதையும் மதிப்பெண் போடாமல் விடமாட்டேன். பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் கட்டினேன். இணையத்தில் வந்த விமர்சனங்களையெல்லாம் பார்த்தேன். அவர்கள் மரத்தரையையும் கம்பளத்தையும் பற்றியே பேசினார்கள். எங்கள் வீட்டில் இருப்பது நாற்பது வருடத்து மொசைக். அறைக்கு அறை அரை அங்குலம் ஏறி இறங்கும். பால்கனிக் கதவைத் திறந்தால் கடல் காற்றில் பொடி மணல் வந்து உட்காரும். போர்வெல் தண்ணீர் உப்பு. தி.நகரில் இரண்டு பெரிய கடைகளுக்குப் போனேன். விலை உயர்ந்தவற்றில் இரண்டு மெஷின்கள் தேறின. ஒன்றின் அடியில் இரண்டு வட்டத் துணிகள் சுழன்று துடைக்கும், மூலைக்கு வந்தால் ஒரு துணி கை போல வெளியே நீளும். மற்றொன்றில் வட்டத்துக்குப் பதில் நீள உருளை, அது ஓடும்போதே தன்னை நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்ளும். இரண்டும் தங்கள் பெட்டிக்குத் திரும்பி வந்து குப்பையைத் தாங்களே கொட்டிக்கொள்ளும், வெந்நீரில் துணியை அலசிக் காயவைத்துக்கொள்ளும். காகிதத்தில் பார்த்தால் வட்டத்துணி மெஷின்தான் ஒரு படி மேல். எனக்கும் அதன் மேல்தான் ஆசை.

வீட்டுக்கே வந்து ஓட்டிக் காட்டுவோம் என்று இரண்டு கடைக்காரர்களும் சொன்னார்கள். அக்காவிடம் சொன்னபோது முதல் தடவையாக அவருக்கு அதில் ஆர்வம் வந்தது. எதை வைத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். கொஞ்சம் காபி சிந்தி வைக்கலாம் என்றேன். "காபி எல்லாம் ஒரு கறையா டீச்சர்? எது தொட்டாலும் போவும். இட்லி மாவு காஞ்சிக்கினு கீதே, அதான் கறை" என்றார்.

முதல் மெஷின் வருவதற்கு முந்தின நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது சமையலறையில் அடுப்புக்குக் கீழே ஒரு கரண்டி மாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டுப் போனார். டைனிங் டேபிளுக்கு அடியில் மீன் குழம்பை விரலால் இழுத்து வைத்தார். தேங்காய் எண்ணெயில் தோய்த்த தலைமுடியைக் கட்டில் காலில் சுற்றினார். பால்கனி மணலைக் கதவுத் தடத்தில் தூவினார். அதைவிடக் கடினமான வினாத்தாளை நான் என் வாழ்க்கையில் தயாரித்ததில்லை.

மெஷின் ஓடத் தொடங்கியதும் காலில் இடிக்கும் என்பதால் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அக்கா நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்றேன். தயங்கி, நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் எங்கள் ஹாலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்காரக் கூடாது என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. உட்காருங்கள் என்றும் சொன்னதில்லை.

வட்டத்துணி மெஷின் சமையலறையில் தொடங்கி ஹாலை அழகாகச் சுற்றி வந்தது. மூலைக்குக் கையை நீட்டியது. நான் மகிழ்ந்து போனேன். அது நின்றதும் அக்கா மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்துத் தேய்த்தார். பிறகு கையைத் திருப்பி எனக்குக் காட்டினார். மாவு கரைந்து, பரவி, மெல்லிய பால் போலத் தரை முழுக்கப் படிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, அக்கா மறுபடி வைத்திருந்த அதே கறைகளின் மேல் ஓடிய உருளை மெஷின் கொஞ்சம் சத்தம் போட்டது, மெதுவாகப் போனது. அக்கா மறுபடி கையை வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை கையை முகர்ந்தும் பார்த்தார்.

"இது தொடைக்குது டீச்சர். அது சும்மா நனைச்சிக்கினு போவுது. அழுக்குத் துணிய அலசாம ஊடு பூரா இழுத்தா அப்டித்தான் ஆவும்" என்றார்.

அதோடு முடிவாயிற்று. உருளை மெஷினை வாங்கினோம். நோட்டில் நான் போட்ட கட்டங்களில் பாதி கடைசியில் அவருடையவையாக இருந்தன. காய்ந்த மாவு, மீன் குழம்பு, எண்ணெய் முடி, கதவுத் தட மணல், உலர்ந்த பின் வாசனை. எந்த விமர்சனத்திலும் இல்லாத ஐந்து வரிகள்.

மெஷின் வந்த வாரம் எனக்கு ஒரு பெருமை. அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து எங்கள் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யாருக்காவது உதவும் என்று நினைத்தேன். சரியாகச் சொன்னால், பாராட்டுவார்கள் என்றும் நினைத்தேன். பாராட்டினார்கள். காய்ந்த மாவை வைத்துச் சோதித்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று நான்காம் மாடியிலிருந்து எழுதினார்கள். அந்தப் பக்கத்தில் நான் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை.

முதல் சில வாரங்கள் நன்றாகப் போயின. அக்கா வந்து, மெஷினின் அழுக்குத் தண்ணீரைக் கொட்டி, உருளையில் சுற்றிய முடியை எடுத்து, நல்ல தண்ணீர் ஊற்றி வைப்பார். உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்லியிருந்ததால் குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைத்திருப்பார். அது வேலை செய்யும்போது சமையலறையில் நின்று பார்ப்பார். கதவுக்குப் பின்னால் அது விட்டுவிட்ட மூலையை, நான் பார்க்காதபோது, துணியால் துடைத்துவிடுவார். ஏன் குனிகிறீர்கள் என்று கோபித்துக்கொள்வேன். அவர் துணியைப் பிழிவார்.

பிறகு சீக்கிரம் வந்து சீக்கிரம் போகத் தொடங்கினார். ஒருநாள் ஏழு மணிக்கே வந்தார். என்ன அவசரம் என்று கேட்டால், சும்மாதான் என்றார். முழங்காலுக்கு இப்போது ஓய்வு கிடைக்கிறது, நடை சுறுசுறுப்பாகியிருக்கிறது என்று நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

உண்மையை லிஃப்டில் தெரிந்துகொண்டேன். நான்காம் மாடிப் பெண் என்னைப் பார்த்ததும் நன்றி சொன்னாள். என் லிஸ்ட்டைப் பார்த்துத்தான் அவர்களும் அதே மெஷின் வாங்கினார்களாம். இரண்டாம் மாடியிலும் வாங்கிவிட்டார்களாம், எங்கள் எதிர் வீட்டிலும். "நல்லவேளை ஆன்ட்டி, இனிமே ஆள் வருமா வராதான்னு டென்ஷன் இல்ல. போன மாசமே நிறுத்திட்டோம்" என்றாள்.

லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றது. நான் இறங்கவில்லை. அந்தப் பெண்தான் கதவைப் பிடித்துக்கொண்டு, ஆன்ட்டி உங்க ஃப்ளோர் என்றாள்.

மறுநாள் காலை அக்கா வந்ததும் கேட்டேன். ஐந்தில் மூன்று வீடு போய்விட்டதே, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று.

அவர் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா இன்னா பண்ணுவீங்க டீச்சர்? மூணு வூட்டுக்கும் போயி மெசினத் திருப்பிக் குடுன்னு சொல்லுவீங்களா?"

மூன்று வீட்டுக்கும் போனேன். மெஷினைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. பாத்திரத்துக்காவது அக்காவை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷினும் ஏற்கெனவே இருந்தது. இன்னொரு வீட்டில் யோசிக்கிறோம் என்றார்கள். எதிர் வீட்டு அம்மாள் வருத்தத்தோடுதான் பேசினார். "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, குந்தித் தொடச்சா முழங்காலுக்குக் கெடுதல்னு? அதனாலதான் நாங்களும் நிறுத்தினோம்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த நோட்டுப் பக்கத்தின் மேலே நானே அப்படி எழுதியிருந்தேன்.

எங்கள் வீட்டில் கொடுப்பதைக் கூட்டித் தருகிறேன் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே உட்கார வைத்துச் சம்பளம் தருகிறீர்கள், அதற்கு மேலும் வாங்கினால் அது வேலையில்லை, பிச்சை என்று மெதுவாகச் சொன்னார். அந்த வார்த்தையை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அசோக் நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தரை கழுவ ஆள் கேட்கிறார்களாம், மகளோடு வேலை செய்யும் ஒரு பெண் சொன்னாளாம். விடியற்காலையே போக வேண்டும். அதனால் நம் வீட்டுக்கும் வர முடியாது என்றார்.

அந்த முழங்காலை வைத்துக்கொண்டா என்று கேட்டேன்.

"அங்க கம்பு மாப்புதான் டீச்சர். நின்னுக்கினே தொடைக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் கட்டைப்பையை எடுத்துக்கொண்டார். போகும்போது மெஷினின் தண்ணீர் டப்பாவை நிரப்பி வைத்துவிட்டுத்தான் போனார்.

கோயிலில் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன். ஆனால் முகூர்த்தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அதிகம். தூணுக்குப் பக்கத்தில் அவருடைய இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு முறை ஃபோன் செய்தேன். நன்றாக இருக்கிறேன், மண்டபத்தில் சாப்பாடு போடுகிறார்கள், பந்தியில் மிஞ்சிய பாயசத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார். மூன்றாம் முறை செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நாட்கள் போயின.

ஆடி மாதம் முடிந்து முகூர்த்தம் தொடங்கிய வாரத்தில் அவர் மகளிடமிருந்து ஃபோன் வந்தது. சாப்பாட்டுக் கூடத்தைக் கழுவிவிட்டிருந்த நேரம், ஈர டைல்ஸில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ஆபரேஷன் முடிந்துவிட்டது, அம்மா உங்களைக் கேட்டார்கள் என்றாள். மகளின் குரலில் ஒன்றுமே இல்லை. செய்தி வாசிப்பது போலச் சொன்னாள்.

மாலைப் பார்வை நேரத்தில் போனேன். நீளமான வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். கால் அசையாமலிருக்க இரு பக்கமும் மணல் மூட்டை வைத்திருந்தார்கள். முகம் சிறுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். தோளைத் தொட்டுப் படுக்க வைத்தேன். நான் வாங்கிப்போன ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். இரண்டு சுளை சாப்பிட்டார்.

முதலில் மெஷினைப் பற்றித்தான் கேட்டார். "உருளையில முடி சுத்திக்கினா எடுத்து வுடுறீங்களா டீச்சர்? அப்டியே வுட்டா நாத்தம் வரும்."

எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அது பொய். இரண்டு வாரமாக எடுக்கவில்லை.

பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு யாரோ ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பத்தொன்பது வருடத்தில் அதையும் அன்றுதான் செய்தேன். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி உள்ளங்கை ரேகையே இல்லாமல் வழவழவென்று இருந்தது.

"அந்த லிஸ்ட்டை நான் எல்லாருக்கும் அனுப்பியிருக்கக் கூடாது அக்கா" என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க நல்லதுன்னுதான் பண்ணீங்க" என்றார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "அனுப்புறதுக்கு முன்னாடி என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார்.

மணி அடித்தார்கள். பார்வை நேரம் முடிந்தது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். காலை பத்து மணிக்கு மூச்சுத் திணறல், பத்தேகாலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கஞ்சியை என்ன செய்தேன் என்று நினைவில்லை. வீட்டுச் செருப்போடு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனது மட்டும் நினைவிருக்கிறது.

அடக்கத்துக்கு எங்கள் கட்டடத்திலிருந்து நானும் என் கணவரும் எதிர் வீட்டு அம்மாளும் போனோம். அந்த அம்மாள் பூமாலை வாங்கி வந்திருந்தார். குடியிருப்பின் மாடிப்படி குறுகல். பெட்டியைச் சாய்த்துச் சாய்த்துத்தான் கீழே இறக்கினார்கள். அக்கா மூன்றாம் மாடியில் குடியிருந்தார், லிஃப்ட் கிடையாது. அந்தக் காலை வைத்துக்கொண்டு தினமும் இதில்தான் ஏறி இறங்கியிருக்கிறார். பத்தொன்பது வருடத்தில் நான் அந்த வீட்டுக்குப் போனது அதுவே முதல் தடவை. சின்ன அறை. தரை சிவப்பு சிமெண்ட். முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு குழுவில் எழுதினேன். இத்தனை வருடம் நம் வீடுகளில் வேலை செய்தவர் இறந்துவிட்டார், நான் அனுப்பிய பட்டியலில் ஐந்து வரிகள் அவர் சொன்னவை, காய்ந்த மாவுச் சோதனை அவருடையது, அதை அப்போதே சொல்லாதது என் தவறு என்று எழுதினேன். கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. ஆத்மா சாந்தியடையட்டும் என்று எழுதினார்கள். அதற்கு அடுத்தபடியாக, அந்த மெஷினுக்கு ஃபில்டர் எங்கே கிடைக்கும் என்று முதல் மாடியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவர் கெட்டவரில்லை. மேலே உள்ளதைப் படிக்காமல் கேட்டிருப்பார். எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. வேறு யாரோ சொன்னார்கள்.

மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். போடவில்லை. எனக்கும் தோள்பட்டை வலி உண்டு, குனிய முடியாது. வேறு ஆள் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் தினமும் காலையில் அது ஓடுகிறது. ஓடும்போது நான் பால்கனிக்குப் போய்விடுகிறேன்.

அக்காவின் மகளுக்கு முப்பது வயது இருக்கும். ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். என்ன உதவி வேண்டுமானாலும் கேள் என்று அடக்கத்தன்று சொன்னேன். தலையை ஆட்டினாள். எதுவும் கேட்கவில்லை. இறந்த முப்பதாம் நாள் வைக்கும் மாதப் பூசைக்குக் கோயிலில் பணம் கட்டப் போனபோது, அவள் ஏற்கெனவே கட்டிவிட்டாள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான் வைத்த பூசை வேறொரு நாளில் நடந்தது. அதற்கு நான் மட்டும்தான் போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனேன். வழக்கமான பெஞ்ச் நிறைந்துவிட்டது, பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொன்னதும் எல்லாரும் போல நானும் கைகூப்பியபடி இடது பக்கம் வணங்கி, வலது பக்கம் வணங்கி, பின்னால் திரும்பினேன். அவள் நின்றுகொண்டிருந்தாள். தாயின் நெற்றி, தாயின் மோவாய். கூப்பிய கையை நான் கீழே இறக்கவில்லை. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் கையையும் கூப்பினாள். சமாதானம் என்று சொல்ல வாய் அசையவில்லை. கண்ணை என் முகத்திலிருந்து எடுத்துப் பீடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாட்டு தொடங்கிவிட்டது. நானும் முன்பக்கம் திரும்பி நின்றேன்.